நன்னாளில் எழுதியது

குராமொச்சியின் கோப்பையில் மிட்சுயோ பீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கையிலிருந்த உயிலின் கடைசி வரிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம், தகன உலையில், மிட்சுயோவின் மாமனார் ஹிசாஜி எரிந்துகொண்டிருந்தார். எலும்பு பொறுக்கக் கூப்பிடும்வரை உறவுக்காரர்கள் இந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம்.

"என்ன சார், ஏதாவது விட்டுப்போச்சா?"

குராமொச்சி சொத்துப் பத்திரங்கள் எழுதுபவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் எழுதிக்கொடுத்தார். "தேதி இல்லையேம்மா" என்றார்.

"பத்தாம் மாசம்னு இருக்கே?"

"'பத்தாம் மாதம், நன்னாளில்'னு இருக்கு. கல்யாணப் பத்திரிகையில போடுற மாதிரி போட்டிருக்கார். கைப்பட எழுதின உயில்ல எந்தத் தேதின்னு தெளிவா இருக்கணும். இல்லேன்னா செல்லாது."

மிட்சுயோ பாட்டிலை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் நுரை பொங்கி வழிந்தது.

மாமனாரின் டோஃபு கடையில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். விடியுமுன் எழுந்து சோயாவை அரைத்து, பால் எடுத்து, உறையவைத்து, வெட்டித் தண்ணீரில் போடுகிறவள் அவள். கணவன் செத்த பிறகும், குழந்தை குட்டி இல்லாமலும், அந்தக் கடையையும் கிழவரையும் விட்டு அவள் போகவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் மருமகள் யாரோ எவரோ. உயில் இல்லையென்றால் கடையும் மாடி வீடும் நகோயாவில் கார் விற்கிற கொழுந்தன் நொரியுகிக்கு. அதற்காகத்தான் கிழவர் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதினார். எழுதிக் கிழித்தார்!

"நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் குராமொச்சி. "நோட்டரி ஆபீஸ்ல எழுதிடுவோம்னு நேரம்கூட வாங்கிக் குடுத்தேன். அந்த நாள் ஆகாதுன்னுட்டார். இன்னொரு நாள் வாங்கினேன். அதுவும் ஆகாதாம். அப்புறம் நானே எழுதிட்டேன்னார். ஒரு தடவை காட்டுங்கன்னேன். மூணாம் மனுஷன் கண்ணு பட்டா ராசியில்லன்னார்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நாள், நாள், நாள்! புதுக் கத்தியைக் கல்லில் தீட்டக்கூட நாட்காட்டியைப் பார்க்கிற மனுஷன். உயில் எழுதிய அன்றும் காலையிலேயே கேட்டார்: "ஏம்மா, இன்னிக்கு நல்ல நாள்தானே?" "நல்ல நாள்தான் மாமா. சீக்கிரம் எழுதுங்க, மை காயுது" என்று அவள்தான் மை அரைத்துக் கொடுத்தாள். அவ்வளவு பார்த்த மனுஷன் அந்த நாளின் எண்ணை எழுத மாட்டாரா? கடைசியில் செத்தது மட்டும் ஆகாத நாளில். பாவி மனுஷன்.

"ஒரு வழி இருக்கு" என்று குராமொச்சி எதிரே உட்கார்ந்திருந்த நொரியுகியைப் பார்த்தார். "உயில் செல்லாட்டியும் அப்பா மனசு என்னன்னு தெரியுது. நீங்க நினைச்சா அண்ணி பேருக்கு மாத்திக் குடுக்கலாம்."

மேசையில் எல்லோர் கையும் நின்றது. நொரியுகி ஒரு மீன் துண்டைச் சோயாச் சாற்றில் தோய்த்தான்.

"அப்பா எரிஞ்சே முடியல. அதுக்குள்ள எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எரியறதுக்குள்ள பேசினாதான் உண்டு தம்பி" என்றாள் மிட்சுயோ. " எரிஞ்சு முடிஞ்சதும் நீங்க ரயிலுக்கு ஓடிடுவீங்க."

"உங்களை நான் தெருவுல விட்டுடுவேனா? அந்த இடத்துல கார் நிறுத்தம் போடணும்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வித்தா உங்களுக்கும் ஏதாவது பாத்துச் செய்யறேன்."

"எப்போ கேட்டார்?"

அவன் துண்டை மறுபடியும் சாற்றில் தோய்த்தான்.

"மாமா உயிரோட இருக்கும்போதேவா?"

நொரியுகி அந்த மீன் துண்டை வாயில் போட்டு மென்றான். அவன் மெல்லுவதையே மிட்சுயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அறைந்துவிடலாம் போல இருந்தது. அப்போது கதவு திறந்து ஊழியர் தலை வணங்கினார். தயாராகிவிட்டது, வரலாம் என்றார்.

தட்டு இன்னும் சூடாக இருந்தது. கிழவர் வெள்ளை வெள்ளையாக உடைந்து கிடந்தார். இருவர் இருவராக வந்து, ஒரே எலும்பை இருவர் குச்சிகளாலும் சேர்த்துப் பிடித்துச் சாடியில் இட வேண்டும், காலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் ஊழியர். முதல் ஜோடி மகனும் மருமகளும்.

பாத எலும்பு ஒன்றை இருவரும் பிடித்துத் தூக்கினார்கள். நாற்பது வருஷம் கடையின் ஈரத் தரையில் நின்ற கால். கனமே இல்லை. சாடியின் வாய்க்கு மேலே கொண்டுவந்ததும் நொரியுகி தன் குச்சிகளைத் தளர்த்தினான். எலும்பு விழவில்லை. அவளுடைய குச்சிகளில் நின்றது.

"விடுங்க அண்ணி" என்றான் மெதுவாக.

அவள் விடவில்லை. ஊழியர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். நொரியுகி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு எலும்பைப் பார்த்தான்.

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் மிட்சுயோ.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் குச்சிகளைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.