பின்வாசல் தெருவின் பதினைந்தாவது மாணவி

மதியம் ஒரு மணிக்கு ஐந்து மேசைகளில் நான்கு காலியாகக் கிடக்கும் சாப்பாட்டுக் கடையில், ஒரு மனிதர் ஒரு சட்டிக் குழம்பை அரைமணி நேரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர் பசிக்கு வந்தவர் இல்லை. முப்பது வருஷமாகக் கடை நடத்தும் சுன்போக்குக்கு இது தெரியாதா? பேராசிரியர் நாம்குங் கரண்டியால் சோயாக் குழம்பைக் கிண்டுவதும், ஜன்னல் வழியே பல்கலைக்கழகத்தின் பின்வாசலைப் பார்ப்பதும், மறுபடி கிண்டுவதுமாக இருந்தார். பிப்ரவரி கடைசி வாரம். வாசலில் பனி அழுக்காகி உருகிக்கொண்டிருந்தது. உள்ளே போகவோ வெளியே வரவோ ஆள் இல்லை.

"முதலாளியம்மா, நீங்க பள்ளிக்கூடம் முடிச்சவங்கதானே?"

"முடிச்சு நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு சார். ஏன், மாப்பிள்ளை ஏதும் கைவசம் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு பேரு குறையுது" என்றார்.

நாம்குங் தலைவராக இருக்கும் துறை ஒரு காலத்தில் ஜெர்மன் மொழித் துறையாக இருந்தது. பிள்ளைகள் குறைந்ததும் ஐரோப்பியப் பண்பாட்டுத் துறை ஆயிற்று. பிறகு உலகச் சுற்றுலாத் துறை. போன வருஷத்திலிருந்து மன ஆறுதல் படைப்பாக்கத் துறை. அதில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது பெயர்ப்பலகை எழுதியவருக்கே தெரியாது. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் புதுப் பதாகை அச்சடித்துக் கொடுத்த நகல் கடை தாக் மட்டும், "இந்த மாதிரி சுறுசுறுப்பான துறை நாட்டுலயே கிடையாது" என்று மெச்சிக்கொள்வான். இப்போது ஏப்ரல் ஒன்றாம் தேதி தலை எண்ணுவார்களாம். முதல் வருஷத்தில் பதினைந்து பேருக்குக் குறைந்தால் துறைக்கு மூடுவிழா. நாம்குங் பெட்டி பெட்டியாக டோனட் வாங்கிக்கொண்டு நாற்பது பள்ளிக்கூடங்கள் ஏறி இறங்கிவிட்டார். ஒரு பள்ளியில் ஆசிரியர் அறைக் கதவில், 'பேராசிரியர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் அனுமதி இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார்களாம். அந்தக் கதவுக்கு வெளியே நின்று டோனட்டைத் தானே தின்றதாகச் சொன்னார். மைத்துனரைச் சேர்த்தாயிற்று. தேவாலயப் பாடகர் குழுவில் ஏழு பேரைச் சேர்த்தாயிற்று. தாக்கையும் சேர்த்தாயிற்று.

பின்வாசல் பக்கம் மிச்சமிருப்பது அந்த ஒரு துறையின் கட்டடம்தான். துறை போனால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். வாசல் போனால் பேருந்து நிறுத்தம் போகும், பிறகு கடை எதற்கு? சுன்போக் அதிகம் யோசிக்கவில்லை. கட்டணத்தில் பெரும்பகுதியை முதியோர் கல்விக்கான அரசு உதவித்தொகை பார்த்துக்கொள்ளும், மீதியை நாம்குங் தன் சம்பளத்தில் கட்டுவார். படிவத்தை அந்த மேசையிலேயே நிரப்பினாள். அவர் கோட்டின் உள்பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் குத்தும் தன் முத்திரையை எடுத்து, காய்ந்த மை இளக வாயருகே வைத்து ஒரு முறை ஊதி, பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் குத்தினார். அறுபத்து மூன்று வயதில் சுன்போக் முதல் வருஷ மாணவி ஆனாள்.

தெரு சிரித்தது. சிரிக்க யோக்கியதை உண்டா என்றால், இல்லை. இந்தத் தெருவே முப்பது வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தின்றுதான் வளர்ந்தது. வாடகை அறை, நகல், பில்லியர்ட்ஸ், பன்றி வறுவல் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் காசு. ஆனால் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளையாவது அந்த வாசலுக்குள் படிக்கப் போயிற்றா? சியோலில் இடம் கிடைத்தால் தெருமுனையில் வாழ்த்துப் பதாகை கட்டுவார்கள். இந்தக் கல்லூரிக்காக ஒரு துணி தொங்கியதில்லை. சுன்போக் தன் பின்புறத்து மூன்று மாடிக் கட்டடத்தை விற்றுத்தான் மகனைச் சியோலில் படிக்கவைத்தாள். அவன் இப்போது காப்பீட்டுக் கம்பெனியில் இருக்கிறான், பண்டிகைக்கு ஃபோன் பண்ணுவான். நாம்குங்கின் மகளும் சியோலில்தான். அவளுடைய பதாகையையும் தாக்தான் அச்சடித்தான்.

மார்ச்சில் வகுப்பு தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் கடைக்கதவில் 'வகுப்புக்குப் போயிருக்கிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டு சுன்போக் போவாள். பதினைந்து பேரில் நிஜமான பிள்ளைகள் ஐந்து பேர். மூன்று பையன்கள் கட்டாய ராணுவச் சேவைக்குக் கூப்பிடும் தேதியை எதிர்பார்த்திருந்தார்கள், ஒருவன் இரவெல்லாம் கடையில் வேலை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்ந்து தூங்கினான். ஐந்தாவது ஹேரிம். தெற்கே ஏதோ தீவிலிருந்து இரண்டு படகும் ஒரு பேருந்தும் மாறி வந்த பெண். முன்வரிசையில் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தவள், முதல் நாள் சுன்போக் உள்ளே வந்ததும் எழுந்து இடுப்பு மடிய வணங்கினாள். பேராசிரியர் என்று நினைத்துவிட்டாள். சுன்போக்குக்குக் கன்னம் சுட்டது. பின்வரிசைக்குப் போய்த் தாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் பேர் கூப்பிடும்போது நாம்குங் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஹேரிம் தினமும் கடைக்கு வந்தாள். "சித்தி, ஒரு குழம்பு" என்பாள். சுன்போக் மீன் துண்டு ஒன்றைக் கேட்காமலே வைப்பாள். அந்தப் பெண் முள்ளைக்கூட வீணாக்காமல் சாப்பிடும். பார்க்கவே ஆயாசமாக இருக்கும், இவ்வளவு நம்பிக்கையோடு ஒருத்தி சாப்பிடுவதை.

இருபத்தெட்டாம் தேதி அந்தக் கேள்வி வந்தது.

"சித்தி, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தத் துறை இருக்குமா? எங்கப்பா நாலு வருஷத்துக்கும் கணக்குப் பார்த்து, கடல்பாசி எடுக்கற படகை அடமானம் வச்சுட்டாரு. ஒரு பருவத்துக்கு முப்பத்திரண்டு லட்சம் வொன்."

இருக்கும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கழுவிய கரண்டியைச் சுன்போக் மறுபடி கழுவினாள். இந்தப் பெண் போனால் பதினான்கு. பதினான்கு என்றால் வாசல் இல்லை. தன் மகன் இப்படி ஒரு கடையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியிடம் இதைக் கேட்டிருந்தால் என்று நினைத்தாள். நினைத்திருக்கக் கூடாது.

"உன் வயசுல என் புள்ளைய இந்த வாசல் வழியா நான் உள்ள விடலடி" என்றாள், முதுகைத் திருப்பிக்கொண்டே. "அந்தக் கிளாஸ்ல முக்கால்வாசி என்னை மாதிரி ஆளுங்கதான். தலைக்கணக்குக்கு வந்தவங்க. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள விலகுனா ஆறுல அஞ்சு பங்கு திரும்பத் தருவாங்க. துறைத்தலைவர் முத்திரை வேணும். நவம்பர்ல மறுபடி நுழைவுப் பரிட்சை எழுது."

ஹேரிம் சோற்றை மட்டும் முடித்தாள். "அப்ப நீங்க, சித்தி?"

"எனக்கென்ன, பட்டம் வாங்கி விமானமா ஓட்டப்போறேன்? சாப்பிட்டல்ல, தண்ணியக் குடி."

மறுநாள் காலையிலேயே தாக் வந்து நின்றான். "அக்கா, கடைய மூடிட்டு உன் வாய வாடகைக்கு விடேன். லாபமா இருக்கும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பணம் திரும்ப வாங்க வங்கிப் புத்தக நகல் வேணும்ல. அந்தப் பொண்ணு எங்கிட்டதான வந்துச்சு. என் மிஷினே அழுதுச்சு போ. அடுத்த பேர் மாத்தத்துக்குத் துணியெல்லாம் வாங்கி வச்சிருந்தேன்."

"நகலுக்குக் காசு வாங்கினியா?"

தாக் கழுத்தைச் சொறிந்தான். "சில்லறை இல்லன்னுச்சு. விடு."

முப்பத்தொன்றாம் தேதி மதியம் நாம்குங் அதே மேசையில் அதே குழம்போடு இருந்தார். மறுநாள் தலை எண்ண வருவார்கள், பதினைந்து சரியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அன்று பசிக்கே வந்திருந்தார் போலிருக்கிறது, வேகமாகச் சாப்பிட்டார். அப்போதுதான் கதவு திறந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களை நெஞ்சோடு அணைத்தபடி ஹேரிம் நின்றாள்.

"சார், நீங்க இங்க இருப்பீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நாலு மணிக்குள்ள குடுக்கணுமாம்."

அவர் படிவத்தைப் படித்தார். எட்டே வரிதான், ஆனாலும் நெடுநேரம் படித்தார். தலையைத் தூக்கிச் சுன்போக்கைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. சட்டியில் குழம்பு கொதி அடங்காமல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"முத்திரை ரூம்ல இருக்கேம்மா" என்றார், களைத்த குரலில். "நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

ஹேரிம் தலையாட்டப் போனாள். அந்தப் பெண்ணுக்குப் பெரியவர்களிடம் தலையாட்டித்தான் பழக்கம்.

"கோட்டுல இடது பக்கம், உள்பையில, சார்" என்றாள் சுன்போக். "என் படிவத்துல இந்த மேசையிலதான குத்துனீங்க."

வெளியே ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஏறவோ இறங்கவோ ஆளில்லாமல் கிளம்பிப் போயிற்று. சுன்போக் வந்து சட்டியை ஓரமாக நகர்த்தினாள். கிம்ச்சி ஊறுகாய்ச் சாறு சிந்தியிருந்த இடத்தை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாள், பிறகு தன் மேலங்கி நுனியால் காயும்வரை துடைத்தாள். காகிதத்தை அங்கே விரித்து, நான்கு மூலையும் படிய உள்ளங்கையால் நீவினாள். நாம்குங் கோட்டுக்குள் கையை விட்டார். கை வெகுநேரம் உள்ளேயே இருந்தது. பிறகு முத்திரையை எடுத்து, மூடியைக் கழற்றி, சிவப்பு மை காய்ந்திருந்த அதன் முகத்தை வாயருகே கொண்டுபோய், கண்ணாடி துடைக்கிறவரைப் போல, ஹா என்று மெதுவாக ஊதினார்.