தறிவாரியாக

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஜோதிகாவும் ராஜகுருவும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுகிறவர்கள். சித்திரையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தரவுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பதில் வந்த சண்டை. சொன்னால் வெளியாள் சிரிப்பான்.

விசைத்தறிக் கூடங்கள் வைத்திருக்கும் தனுஷ்கோடி அண்ணாச்சி தன் தறிகளுக்கெல்லாம் சென்சார் மாட்டியிருந்தார். தறி நின்று கிளம்பும்போதெல்லாம் ஒரு பதிவு விழும். அது கோடிக்கணக்கில் குவிந்துவிட்டது. ஒவ்வொரு தறியும் நின்ற நேரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கித் தர வேண்டும் என்று கல்லூரியைக் கேட்டார். ஒரு தறியின் பதிவு இன்னொன்றில் கலந்துவிடக் கூடாது. அதற்கென்று கல்லூரியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினார்கள். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் அதே சாமான்தான். அதற்குள் ஆயிரக்கணக்கான கணக்கிடும் அலகுகள் ஒரே சமயத்தில் வேலை பார்க்கும்.

தறிக்கு ஒரு குழுவாக அந்த அலகுகளைப் பிரித்துவிட்டு, அவரவர் தறியை அவரவர் அடுக்கட்டும் என்பது ஜோதிகாவின் வழி. ராஜகுரு ஒவ்வொரு பதிவின் முன்னாலும் தறி எண்ணை ஒட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எல்லா அலகுகளுக்கும் சமமாகப் பங்கிட்டு ஒரே மூச்சில் அடுக்கினான்.

"இது சோம்பேறி வேலை சார்" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதோடு நின்றது பேச்சு.

அண்ணாச்சி முன்னால் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அண்ணாச்சி வந்தார், கூட மேனேஜர் தவசியும் பென் டிரைவோடு வந்தார். கல்லூரி முதல்வர் நடுவில் உட்கார்ந்தார். ராஜகுருவின் புரோகிராம் சில விநாடி ஓடி முடித்தது. ஜோதிகாவுடையது பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. முதல்வர் கை தட்டினார். ராஜகுருவும் தட்டினான், அரைமனதாக.

ஜோதிகாவுக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் அதிகம். அவள் கணக்குப்படி அவ்வளவு வேகம் வரவே கூடாது. டீ குடிக்கும்போது தவசியிடம் மெல்லக் கேட்டாள்.

"டேட்டாவை அப்பிடியேதான கொண்டுவந்தீக?"

"அதெப்பிடிம்மா, பெரிய காலேஜுக்குக் கன்னாபின்னான்னா கொண்டுவருவோம்? முந்தாநாளு பூரா ஆபீஸ் கம்ப்யூட்டர ஓடவிட்டு, தறிவாரியா, பெருசுலருந்து சிறுசா அடுக்கித்தான் கொண்டாந்தேன்."

அவளுடைய புரோகிராம் எடுத்தவுடன், அடுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கும். இருந்தால் தொடாமல் விட்டுவிடும். அன்றைக்கு அது செய்த வேலை அவ்வளவுதான். நெஞ்சு பொறுக்காமல் முதல்வரிடம் போய்ச் சொன்னாள்.

"ஜெயிச்சாச்சுல்ல, விடுங்கம்மா" என்றார் அவர்.

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனி நீ அடுக்கவேணாம்லே. அதான் டீச்சரம்மா மிஷினு இருக்குல்ல" என்று தவசியிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பதிவுகள் கலைந்தபடியே வந்தன. அண்ணாச்சியிடம் ஓட்டைத் தறி ஒன்று உண்டு, நொடிக்கொருதரம் நிற்பது. அதன் பதிவுகள் மட்டுமே மலைபோல் இருந்தன. மற்றக் குழுக்கள் எல்லாம் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்க, அந்த ஒரு தறியோடு ஒரே ஒரு குழு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி போன் போட்டார்.

"என்னம்மா, மிஷினு அதுக்குள்ள சண்டித்தனம் பண்ணுது?"

ஜோதிகா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்பச் சரி. பழையபடி தவசியவே அடுக்கச் சொல்லிருதேன். மிஷினுக்கு எதுக்குச் சிரமம்?"

போனை வைத்தபோது அவளுக்கு முகம் காந்தியது. எழுந்து ராஜகுருவின் மேசைக்குப் போனாள்.

"சார், உங்க வழியில ஓட்டியிருந்தா இது மாட்டியிருக்காது."

"தெரியும் மேடம். நீங்க கேக்கலையேன்னு இருந்தேன்."

"இப்பக் கேக்குறேன்."

ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பதிவு மலையாகக் குவிந்த தறிகளுக்கு அவன் வழி, பதிவு குறைந்தவற்றுக்கு அவள் வழி. கலைந்து வந்த அந்த மாதத்துப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தபோது, தனித்தனி வழி இரண்டையும் விட இது வேகமாக முடிந்தது. இந்த முறை நிஜமாகவே அடுக்கித்தான் முடித்தது. ஜோதிகா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, கேன்டீனில் அவனுக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

இதை ஆய்விதழுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பும்போது மறுபடி தகராறு வந்தது, யார் பெயர் முதலில் வருவது என்று. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விஷயம் முதல்வரிடம் போனது. அவர் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார்.