சீனிக்குச் சொல்லாத பெயர்

"அவருக்கு அது வாறதுக்கு முதல் என்ன மாறுது, பாஹிமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாய் அத வச்சுத்தான் படிக்கும்."

"விரல், மிஸி. பெருவிரலால மத்த விரலுகளத் தடவத் தொடங்குவாரு."

"அதுக்கும் முதல்?"

"ஒண்டும் இல்ல."

"வாயால ஏதும் சொல்றல்லயா? புறுபுறுக்கிறது, ஆரையும் கூப்பிடுறது?"

"இல்ல மிஸி. சத்தமே இரிக்காது."

நான்கு மாதங்களாகியும் அந்தக் கேள்வியும் பதிலும் பாஹிமாவின் காதில் அப்படியே இருந்தன. கேட்ட ஞானராணி மிஸி, முப்பது வருடம் மனநலப் பிரிவில் தாதியாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு தெரு நாய்களில் நிதானமானவற்றைத் தேர்ந்தெடுத்து, நோயாளிகளுக்குத் துணையாக இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். பாஹிமாவின் பதிலை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, தவிட்டு நிறப் பெட்டை நாயொன்றை அழைத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினார். "இவ சீனி. ஒங்கட மனிசனுக்கு இவதான் சரி."

பாஹிமா பொய் சொல்லியிருந்தாள். விரல்கள் அசைவது உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாக வருவது. முதலில் வருவது ஒரு பெயர்.

"ஸம்றா."

அடுப்படியில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதுபோல, அவள் புருஷன் காலிதீன் சாதாரணக் குரலில்தான் கூப்பிடுவான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. பிறகுதான் விரல் அசையும், கண் வெளிறும், கால்கள் கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கும்.

ஸம்றா அவனுடைய முதல் மனைவி. பத்தொன்பது வயது. கலியாணமாகி மூன்று மாதத்தில், ஒரு மார்கழிக் காலையில், சுனாமியாகக் கடல் வந்தது. அவன் பிடித்திருந்த கை, தண்ணீருக்குள் அவன் கையை விட்டுப் போனது. பாஹிமா அந்த வீட்டுக்கு வந்தது அதற்கு எட்டு வருடங்களின் பின். வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பெயரைக் கேட்டுவிட்டாள். தெளிந்த பிறகு அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. தான் கூப்பிடுவதே அவனுக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. என் வீட்டில் என் புருஷன் கடலில் மவுத்தானவளைக் கூப்பிடுகிறார் என்று வெளியாளிடம் எந்த வாயால் சொல்வது?

அவளை அவன் "புள்ள" என்றுதான் கூப்பிடுவான். அன்பாகத்தான். ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான். அதைப் பற்றி அவனிடம் கேட்க ஒன்றிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த மற்றப் பெயரைக் கேட்டபோது, அதை விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் மிஸியின் வளவுக்குப் போய்ப் பழக்கினாள். கதிரையில் அமர்ந்து பெருவிரலால் விரல்களைத் தடவுவாள். சீனி ஓடிவந்து மூக்கால் கையை முட்டும். ஒரு நெத்தலிக் கருவாடு கிடைக்கும். முட்டியும் நிற்காவிட்டால் கால்மேல் முழுப் பாரத்தோடு படுக்க வேண்டும். எழுந்து நடந்தால் குறுக்கே நின்று குரைக்க வேண்டும். மூன்று மாதத்தில் சீனி எல்லாவற்றையும் படித்துவிட்டது.

நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் மௌலவியிடம் கேட்டார்கள். நோய்க்குத் தேவையென்றால் வைத்திருங்கள், அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவுங்கள், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீராக இருக்கட்டும் என்றார். பைப்படியில் ஒரு வாளி மண் வந்தது. விறாந்தையோடு சேர்த்து ஒரு ஓலைக் கொட்டில் எழுந்தது.

இரண்டாம் நாள் காலையில் வினை தொடங்கியது. சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து வந்த காலிதீன், வழக்கம்போல விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, இறைவனைத் துதித்துத் திக்ரு ஓதினான். ஓதுவதை விரல் கணுக்களில் பெருவிரலால் எண்ணிக்கொண்டான். சீனி பாய்ந்து வந்து ஈர மூக்கால் அந்தக் கையை முட்டியது.

அவன் எழுந்துபோய் ஏழு முறை கழுவிவிட்டு வந்தான். அமர்ந்தான். எண்ணத் தொடங்கினான். சீனி மறுபடி வந்தது.

"இஞ்ச புள்ள, இவளுக்கு என்ட திக்ருல என்ன கோவம்? முப்பத்திமூண்டு முடிக்க உடுறா இல்ல!"

மதிலுக்கு அப்பால் அவனுடைய மூத்த சகோதரி ஹாஜறாவின் குரல் வந்தது. "தம்பி, மண் காணுமா? இன்னும் ஒரு டிப்பர் இறக்கட்டா?"

காலிதீன் சிரித்தான். பாஹிமா அடுப்படி வாசலில் உறைந்து நின்றாள். தன் புருஷன் அல்லாஹ்வை நினைப்பதைத் தடுக்கத்தான் மூன்று மாதம் அந்த நாயைப் பழக்கியிருக்கிறாள். அன்றே மிஸிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தஸ்பீஹ் மணியை எடுத்துக் கொடுத்தாள். மணி உருட்டுவதும் அதே பெருவிரல்தான். பத்து நாளில் மண்ணும் தண்ணீரும் பட்டு அவன் கைத்தோல் வெடித்தது. சிரிப்பும் நின்றது.

வியாழக்கிழமை ஒன்பது மணி இருக்கும். கடைக்குப் போக அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போனான். கச்சான் காற்று அடங்கி, வெயில் அந்த மார்கழி மாதத்து வெயிலாக விழுந்துகொண்டிருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பாஹிமாவுக்குக் கேட்டது.

"ஸம்றா."

கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். சீனி ஒரு காதை உயர்த்தியது. அவன் விரல்கள் சைக்கிள் கைப்பிடியை இறுக்கியிருந்தன. தடவவில்லை. சீனி தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டது.

கை கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே வருவதற்குள் சைக்கிள் விழுந்து கிடந்தது. கேற் திறந்திருந்தது.

கடல் நான்கு தெரு தள்ளி. சீனி அவளை முந்தி ஓடியது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் முழங்கால் தண்ணீரில் நின்றான். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, யாரோ அதில் கை வைக்கப்போகிறார்கள் என்பதுபோலக் காத்திருந்தான். சீனி அவன் கால்களுக்குக் குறுக்கே நின்று, அலை முகத்தில் அடிக்க அடிக்கக் குரைத்தது. பாஹிமா அந்தக் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. அது ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தை அவளால் மறக்க முடியவில்லை.

"அதுக்குத் தெரியல்ல புள்ள," என்றான் இரவுச் சாப்பாட்டின்போது. "பாவம், வாயில்லாச் சீவன். திருப்பிக் குடுத்துருவம்."

சனிக்கிழமை காலை சீனியைக் கொண்டுபோக மிஸி ஓட்டோவில் வந்தார். காலிதீன் விறாந்தையில் இருந்தான். மிஸி தன் பெருவிரலால் விரல்களைத் தடவினார். சீனி உடனே வந்து முட்டியது.

"படிச்சத மறக்கல்லயே. அப்ப வியாழக்கிழம ஏன் வரல்ல?"

பாஹிமா சீனியைப் பார்த்தாள். நாயைக் கொண்டுபோய்விட்டால், அடுத்த முறை நான்கு தெருவையும் அவள் தனியாகத்தான் ஓட வேண்டும். அவளுக்கு முன் அவன் ஆழத்துக்குப் போயிருப்பான்.

"விரல் பிந்தித்தான் மிஸி வரும்," என்றாள் பாஹிமா. "முதல்ல ஒரு பேர் வரும்."

"என்ன பேர்?"

அவள் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸம்றா."

காலிதீன் கதிரையிலிருந்து எழுந்தான். "ஆரு கூப்பிடுற? நானா?"

"ஓம்."

"வியாழக்கிழமயா?"

"எல்லா முறையும்."

அவன் மறுபடி அமர்ந்துவிட்டான். மிஸி பெருமூச்சு விட்டார். "இத அண்டைக்கே சொல்லியிருந்தா இந்த மனிசன்ட கைத்தோலாவது மிஞ்சியிருக்கும், மகள்." பிறகு ஓட்டோக்காரரைப் போகச் சொன்னார். "பேரையும் நாய் படிக்கும். ஆனா அவர்ட குரல்லதான் படிக்கணும். தம்பி, கூப்பிடுங்க."

முதல் முறை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் முறை காற்று வந்தது. மூன்றாம் முறை பெயர் வந்தது. பாஹிமா சீனிக்குக் கருவாட்டைக் கொடுத்தாள்.

இதுவரை அந்தப் பெயரை, தன்னை மறந்து நின்ற ஒருவனிடமிருந்துதான் அவள் கேட்டிருந்தாள். இப்போது அவன் அறிந்து கூப்பிட்டான், பகல் வெளிச்சத்தில், அவளுக்கு முன்னால். ஒவ்வொரு கூப்பிடலுக்கும் யாரோ ஓரடி நெருங்கி வருவதுபோலிருந்தது. கேற்றடிக்கு, முற்றத்துக்கு, விறாந்தைப் படிக்கு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் கருவாட்டு மணம் ஏறிக்கொண்டேயிருந்தது.

பதினேழாவது முறையோ என்னவோ, சீனி கருவாட்டைப் பார்க்காமல் எழுந்துபோய் அவன் பாதங்கள்மேல் படுத்தது. காலிதீன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"நாளைக்கும் இதையே செய்ங்க. நாய் இரிக்கட்டும்," என்று சொல்லி மிஸி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான். "பன்னண்டு வருஷமா நீ இதக் கேட்டுக்கிட்டா இரிந்த?"

"ஓம்."

"ஒருக்காலும் சொல்லல்லயே. கோவமா?"

"அவக்கிட்ட என்ன கோவம்? பாவம், அவ பத்தொம்பது வயசுப் புள்ள." பாஹிமா அவனுக்கு எதிரே நிலத்தில் அமர்ந்தாள். "அவவக் கூப்பிடுங்க மச்சான். நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா அவவக் கூப்பிட்ட பொறகு, என்னையும் ஒருக்கா பேர் சொல்லிக் கூப்பிடுங்க."