கிளாக்கரய்யாவின் வெறும் பெட்டி

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்த சிங்கராயர், ஓய்வுபெற்றுப் பதுளைக்குக் குடிவந்ததும் ஆய்வாளராகிவிட்டார். எதை ஆய்கிறார் என்பது விசிட்டிங் கார்டிலேயே இருந்தது: ‘அமெரிக்க எல்லைப்புறக் காலத்து இராணுவத் தோட்டாப் பொதிகள்’. இடம் போதாமல் போன் நம்பர் பின்பக்கம் போயிருந்தது.

பொதிகள் என்று பன்மையில் போட்டிருந்தாலும் அவரிடம் இருந்தது ஒன்றுதான். அமெரிக்காவிலிருக்கும் அக்கா மகன் றுஷாந்தன் மூன்று வருஷத்துக்கு முன்பு அனுப்பிய பழுப்பு அட்டைப்பெட்டி. மேலே மங்கிய கறுப்பில் ‘இருபது தோட்டாக்கள், 1884’ என்று இங்கிலீஷில் அச்சு. உள்ளே ஒன்றும் கிடையாது. தோட்டாவை எவனும் பத்திரப்படுத்துவான், அது வந்த பெட்டியை எவன் பத்திரப்படுத்துவான் என்பது சிங்கராயரின் கட்சி. அந்தப் பெட்டிக்காக மனைவி பவுலினாவின் கல்யாணத்துப் பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலுமாரியைக் காலிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போயின. இத்தனைக்கும் மனிதர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடி போட்டால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்.

ஒரே ஒரு குறை. பெட்டி அசல்தான் என்று சொல்ல ஆளில்லை. ஊவா மாகாணத்திலேயே அதற்குத் தகுதியானவர் பண்டாரவளை விஜேந்திரன் ஒருவர்தான். அப்படித்தான் விஜேந்திரன் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒன்பது பெட்டிகளுக்குச் சொந்தக்காரர். தொன்பொருள் சேகரிப்பாளர் ஒன்றியத்தின் தலைவர், செயலாளர், கூட்டம் நடந்தால் தேத்தண்ணி ஊற்றுபவர் எல்லாம் அவரே. சிங்கராயர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். அக்காலத்துத் தோட்டாவுக்குக் கொழுப்புப் பூசுவார்கள், அது அட்டையில் ஊறியிருக்க வேண்டும், கறையே இல்லாத பெட்டியைப் போலி என்றே கருத வேண்டியுள்ளது, எதற்கும் சனிக்கிழமை நேரில் வந்து முடிவு சொல்கிறேன்.

போலி என்ற சொல் சிங்கராயரை இரண்டு நாள் படுக்கப் போட்டது. மாதா கோயில், சலூன், பசறை பஸ் நிற்கிற இடம் என்று அவர் கார்டு கொடுக்காத இடமில்லை. போலி என்றாகிவிட்டால் பதுளையில் தலைகாட்ட முடியுமா?

பெட்டி அப்போது வீட்டில்கூட இல்லை. பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி டீச்சர் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரவல் வாங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட வேண்டும் என்ற ஒப்பந்தத்தின்பேரில் சிங்கராயர் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை, தீபாவளியன்று காலையில், டீச்சர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவர் பஞ்சும் காதுமாக அறைக்குள் இருந்தார். பவுலினா வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலை சிங்கராயர் மூடியைத் திறந்தார். உள்ளே மஸ்கட் அல்வா. இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துத் துண்டு. நெய் இரவோடிரவாக அட்டையின் நாலு பக்கமும் ஊறி, வெளியே இலங்கைப் படம் போட்டிருந்தது.

வேலியோரம் போய்க் கேட்டதற்கு டீச்சர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“நல்ல நாளும் அதுவுமா வெறும் பொட்டிய எப்படிங்கய்யா திருப்பிக் குடுக்கிறது? இருபதுன்னு மேலயே போட்டிருந்துச்சு. எண்ணி இருபது வச்சேன்.”

திரும்பி வந்தால் பவுலினா ஒன்றை வாயில் போட்டிருந்தாள். பதம் அருமை என்றாள். மீதிப் பத்தொன்பதையும் தட்டில் கொட்டிவிட்டு, சிங்கராயர் பெட்டிக்கு முகப்பவுடர் போட்டு ஒற்றியெடுத்தார். கறை போகவில்லை. ஏலக்காய் வாசனையோடு பவுடர் வாசனையும் சேர்ந்ததுதான் மிச்சம்.

விஜேந்திரன் தொப்பியும் பூதக்கண்ணாடியுமாக வந்து இறங்கினார். வெளியே சாப்பிடாதவர் என்பதால் கையில் சாப்பாட்டுப் பெட்டி. அதைப் பவுலினா சூடாக்கிக் கொடுக்க, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஆய்வில் இறங்கினார். திருப்பினார், தூக்கினார், முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். சிங்கராயர் அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார்.

“படத்தில் இந்தக் கறை இல்லையே?” என்றார் விஜேந்திரன். சிங்கராயர் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். கொழுப்பு உள்ளுக்குள் உறைந்து கிடக்கும், பதுளைச் சூட்டுக்கு வெளியே வரும், பண்டாரவளைக் குளிரில் வராது. அந்த வாசனை நூற்றுநாற்பது வருஷத்து வெடிமருந்து.

சான்றிதழை எடுத்து எழுதத் தொடங்கினார். முப்பத்தொரு வருஷம் ஸ்டோரில் ஒரு மண்வெட்டியைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத சிங்கராயருக்கு நெஞ்சு உறுத்தியது.

“ஐயா, நேத்து தீபாவளிங்க…”

“அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று முத்திரையைக் குத்தினார் விஜேந்திரன்.

புறப்படும்போது பவுலினா சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். கனத்தது. என்ன என்று கேட்டார்.

“வெறும் பொட்டியத் திருப்பிக் குடுக்கிறது இல்லீங்களே. டீச்சர் வீட்டு மஸ்கட்.”

விஜேந்திரன் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். மூடியைப் போட்டு, தொப்பியையும் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினார்.

பத்து நாள் சிங்கராயருக்குச் சோறு இறங்கவில்லை. பிரேம் போட்ட சான்றிதழ் சுவரில் தொங்கியது. அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்தார். பதினோராம் நாள் பண்டாரவளையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பஞ்சுக்கு நடுவே விஜேந்திரனின் ஒன்பது பெட்டிகளில் ஒன்று. பளிச்சென்று, ஒரு பொட்டுக் கறையில்லாமல் இருந்தது. கூடவே கடிதம்.

‘ஒப்பாய்வுக்காக அனுப்பியுள்ளேன். அவசரமில்லை. திருப்பி அனுப்பும்போது உங்கள் வீட்டு வழக்கப்படியே அனுப்பினால் போதும். மீதி எட்டும் பின்னால் வரும்.’

சிங்கராயர் இரண்டு தரம் படித்தார். எழுந்துபோய்ச் சான்றிதழைத் துடைத்து நேராக மாட்டினார். பிறகு பெட்டியோடு வேலிக்குப் போய், மறுபடி மஸ்கட் கிண்ட முடியுமா என்று டீச்சரை மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

டீச்சர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பன்னெண்டுதாங்கய்யா போட்டிருக்கு.”