வணிகவியலில் கொஞ்சம் மழை

விஜயஸ்ரீயின் மேசைக்கு இணையச் சான்றிதழ்கள் வருவது புதிதல்ல. பாளையங்கோட்டையில் அவர் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில், வெளியே படித்த படிப்புகளில் எதைப் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேர்க்கலாம், எதைக் கூடாது என்று பார்க்கும் பொறுப்பும் அவருடையதுதான். பிள்ளைகள் தங்கநிறக் கரை போட்ட அச்சுப்பிரதிகளோடு வருவார்கள். பெரும்பாலும் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினாலும் கிடைக்கிற சான்றிதழ்கள். "வீட்டுல சட்டம் போட்டு மாட்டிக்கோ" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மர்வா வெறுங்கையோடு வந்தாள். அதனால்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் சேரல மேடம். சேந்து பாஸ் பண்ணுனா டிகிரிக்கு எடுத்துக்கிடுவாங்களான்னு முன்னாலயே கேட்டுக்கிடலாம்னு வந்தேன்."

அரசாங்கத்தின் ஸ்வயம் தளத்தில் வளிமண்டல அறிவியல் என்றொரு படிப்பு. வாராவாரம் பாடம், வாராவாரம் பயிற்சி, கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டிய பரீட்சை.

"நீ பி.காம். தானம்மா? வரவுசெலவுக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க ஊரு காயல்பட்டினம் மேடம். ரெண்டாயிரத்தி இருபத்தி மூணு டிசம்பர்ல ஒரே நாள்ல தொண்ணூத்தஞ்சு சென்டிமீட்டர் பெஞ்சுதுல்லா? உம்மாவும் நானும் மாடி ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தோம். இவ்வளவு தண்ணியும் மேல எங்கன இருந்திருக்கும்னு அப்ப புடிச்ச யோசனை. யார்ட்ட கேட்டாலும் அல்லா நாடுனதுங்காங்க. அது சரிதான். ஆனா எப்படி நாடுனான்னு தெரிஞ்சுக்கிடணும்லா?"

விஜயஸ்ரீ மனதுக்குள் கணக்குப் போட்டார். விதி தெரியும். பட்டத்தின் ஒரு பகுதியை இப்படிப்பட்ட படிப்புகளால் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் படிப்பை எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வது என்பதைக் கல்லூரியின் பாடக்குழு முடிவு செய்யவேண்டும். இதுவரை ஒத்துக்கொண்டதெல்லாம் கணக்குப்பதிவு, சந்தைப்படுத்தல் வகையறா. ஒவ்வொருவரும் வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம் படித்தாகவேண்டும் என்று இருக்கிறது. வணிகவியல் பிள்ளைகள் வழக்கமாக 'உணவும் ஊட்டமும்' என்ற பாடத்தை எடுப்பார்கள். அந்த இடத்தில் வானிலையை உட்காரவைக்க முடியுமா?

பாடக்குழுக் கூட்டத்தில் இயற்பியல் செல்வமணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நான் வேண்டாங்கல மேடம். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல, அதான். போனைப் பாத்துப் படிச்சேன்னு ஒரு புள்ள வந்து நிக்கும். கஷ்டமா, லேசா, யாருக்குத் தெரியும்? நீங்க ஒண்ணாவது எழுதிப் பாத்திருக்கியளா?"

எழுதியதில்லை. மர்வாவின் பரீட்சை முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று குழு கலைந்தது.

மர்வாவிடம் அதைச் சொன்னபோது அவள் முகம் வாடவில்லை. "கிரெடிட் கிடைக்காட்டாலும் படிக்கத்தான் மேடம் போறேன்" என்றாள்.

செல்வமணி கேட்டது விஜயஸ்ரீயின் மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாகத் திருப்பிக் கொடுத்த சான்றிதழ்களில் ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லையே? அந்த வாரக் கடைசியில் அதே படிப்பில் தன் பெயரையும் பதிந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் சமன்பாடுகள் வந்தன. பூமி சுற்றுவதால் காற்று வளைகிறதாம். வீடியோவைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிடிபடவில்லை. ஆனாலும் விடமுடியவில்லை. மேகமும் தண்ணீர்தானே, அது ஏன் பொத்தென்று விழுவதில்லை? நாற்பது வயதுக்கு மேல் இப்படியொரு கேள்வி தனக்குள் முளைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ரசம் கொதித்து ஆவி எழும்போது கரண்டியும் கையுமாக நின்றுவிடுவார்.

படிப்பின் கேள்வி மன்றத்தில் ஒரு நாள் மர்வாவின் பெயரைப் பார்த்தார். 'ஒரு மேகத்தில் இருக்கிற தண்ணீரெல்லாம் விழுந்தாலும் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டருக்குக் காணாதே, மிச்சம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருந்தாள். ஆசிரியர் பதில் போட்டிருந்தார்: மேகம் தண்ணீர் நிறைத்துவைத்த பானை அல்ல. கீழே கொட்டக் கொட்ட, கடலிலிருந்து ஈரக்காற்று வந்து அதற்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது.

விஜயஸ்ரீ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கையிருப்பைப் பார்த்துக் கடையை எடைபோடாதீர்கள், புழக்கத்தைப் பாருங்கள் என்று வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறாரே, அதேதான்!

தேர்வு மையம் நாங்குநேரி போகும் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. வாசலில் மர்வா அவரைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், நீங்கதான் சூப்பர்வைசரா?"

"இல்லம்மா. எழுத வந்திருக்கேன்."

மர்வாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, கூடப்படிக்கிற பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "மூணாவது வாரம் புரிஞ்சுதா?"

"படிச்சேன். மண்டையில ஏறல."

உள்ளே அடையாள அட்டையைச் சரிபார்த்தார்கள். பை, கைப்பேசி எல்லாம் வெளியே. ஆளுக்கொரு கணினி. எழுந்து பக்கத்தில் எட்டிப் பார்க்க வழியே இல்லை. கேள்விகளில் பாதியைத் தொடவே விஜயஸ்ரீக்குப் பயமாக இருந்தது.

முடிவு வந்தபோது மர்வா அறுபத்து நான்கு வாங்கித் தேறியிருந்தாள். விஜயஸ்ரீ தேறவில்லை.

ஒரு நாள் முழுக்க அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடலாமா என்று யோசித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குழு கேட்ட கேள்விக்குத் தன்னிடம் இருக்கிற பதில் அது ஒன்றுதான் என்றும் தோன்றியது.

"எழுதிப் பாத்தியளான்னு கேட்டியள்லா சார்? எழுதுனேன். ஃபெயில்" என்றார் அடுத்த கூட்டத்தில்.

செல்வமணி முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எந்த இடத்துல விழுந்தீங்க?"

"காத்து வளையுத இடத்துல."

"அது எங்க பயலுவளுக்கே தண்ணி காட்டும்" என்றவர், பாடத்திட்டத்தை வாங்கி நிதானமாகப் புரட்டினார். அப்புறம் மர்வாவைக் கூப்பிடச் சொன்னார்.

"அன்னைக்கு உங்க ஊர்ல ஏம்மா அவ்வளவு மழை?"

"குமரிக் கடல் பக்கம் மேல ஒரு சுழற்சி இருந்துச்சு சார். கிழக்கே இருந்து ஈரக்காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. அதுவரைக்கும் சொல்லுவேன். ஆனா அது நகராம எங்க தலைக்கு மேலயே ஏன் நின்னுச்சுங்கது எனக்கு இன்னும் விளங்கல."

"எனக்கும் விளங்கல" என்றார் செல்வமணி. "மேடம், இது பி.காமுல எந்த இடத்துல வரும்?"

"வேற துறை விருப்பப் பாடம்னா துறைக்கு வெளியதான சார் போகணும்?"

அதற்குமேல் பேச்சு நீளவில்லை. விருப்பப் பாடத்துக்குப் பதிலாக மர்வாவின் படிப்பை எடுத்துக்கொண்டு அதற்குரிய கிரெடிட்டைக் கொடுப்பது என்று முடிவானது. இனி எந்தத் துறைப் பிள்ளையும் எந்தத் துறைப் படிப்பையும் கேட்கலாம். சேருமுன் சொல்லவேண்டும், நேரில் எழுதும் பரீட்சை இருக்கவேண்டும். தூங்கி வாங்குகிற சான்றிதழ்களுக்கு இடமில்லை.

ஜனவரியில் விஜயஸ்ரீ அதே படிப்பில் மறுபடியும் பெயர் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் மறுபடியும் மாட்டிக்கொண்டார். ஒரு சாயங்காலம் மர்வாவுக்குப் போன் போட்டு, காற்று எப்படி வளைகிறது என்று கேட்டார்.

"கடக்கரையில நிக்கேன் மேடம்" என்றாள் மர்வா. பின்னால் இரைச்சல் கேட்டது. "இங்கன காத்து கடல்ல இருந்து நேரா வருது. நீங்க மொட்டை மாடிக்குப் போயி, அங்கன எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. அதுல இருந்து தொடங்குவோம்."

விஜயஸ்ரீ கைக்குட்டையோடு படியேறினார். அதன் ஒரு முனையைப் பிடித்துக் காற்றுக்குத் தூக்கிக் காட்டினார்.

"கிழக்கே இருந்துதான் வருது... இல்ல, இரு. கொஞ்சம் வடக்கால இருந்து வாராப்ல இருக்கு."

"வடக்கா? நல்லாப் பாருங்க மேடம்."

"இரும்மா, பாக்கேன்" என்று அவர் கையை இன்னும் உயர்த்தினார்.