மூன்றாவது பெட்டியின் நேரம்

இப்போதெல்லாம் கைபேசி தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை. ஒரு கணினியின் மணிக்கூட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய 2007ஐ நினைத்தால்தான் மனம் நிறைகிறது.

அந்தப் பங்குனியில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் ஷெல்லடிக்குத் தப்பி வாவியைக் கடந்து வந்து முகாம்களில் கிடந்தது. அவர்களின் பெயர்களைத் தன்னிடமிருந்த மூன்று பழைய கணினிகளில் பங்கிட்டு வைக்கும்படி, இக்கரையில் களுவாஞ்சிக்குடியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் கணினி திருத்தும் என்னிடம் சொன்னது. ஒன்று பிறகு பழுதானாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். ஆனால் முதலில் மூன்றும் ஒன்றுசேர வேண்டும். சேராவிட்டால் ஒரு பெயரும் திறக்காது. மூன்றாவது பெட்டி சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பெயர்களைத் தட்டச்சு செய்தவர்களில் ஒருத்தி அன்னப்பூரணி. படுவான்கரைப் பெண், இரண்டு வருசமாக அந்த நிறுவனத்து வேலைக்காக இக்கரையில் தங்கியிருந்தவள். அவளுடைய அப்பா கதிர்காமத்தம்பி வந்து சேர்ந்தாரா என்றே தெரியவில்லை. முகாம் முகாமாக ஏறி இறங்கிக் களைத்திருந்தாள்.

"அண்ணன், இண்டைக்காவது சரிவருமா?"

"சும்மா நில்லு புள்ள!" என்று எரிந்து விழுந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

வயரை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் கணினி தானே எழுதிவைக்கும் பிழைப்பதிவை வரிவரியாகப் படித்தேன். மூன்றாவது பெட்டி அரை மணி பிந்தி நிற்கிறதாம். திரையிலோ மூன்றிலும் ஒரே நேரம், பத்து இருபது.

"இதிர நேரத்த ஆரு தொட்டது?"

"நான்தான் அண்ணன்."

1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி அரை மணி கூட்டி வைத்தபோது, புலிகளின் கையில் இருந்த அக்கரை ஏற்கவில்லை. பத்து வருசம் இங்கே புது நேரம், அங்கே பழைய நேரம். 2006 சித்திரையில் அரசாங்கமே பழையதற்குத் திரும்பியது.

"இனி ரெண்டு கரைக்கும் ஒரே நேரமெண்டு ரேடியோவில சொன்னாங்க. சந்தோசத்தில ஓடிவந்து அரை மணி குறைச்சன்."

வெளியே தெரிந்த நேரத்தைக் குறைத்தவள், உள்ளே இலங்கைக்கான நேரக்கணக்கை மற்ற இரண்டிலும் போல மாற்றவில்லை; பெட்டிகள் தமக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதோ அந்த உள்கணக்கைத்தான். அதைத் திருத்தினேன். மூன்றும் சேர்ந்துகொண்டன.

உடனே அப்பாவின் பெயரை அடித்தாள். பெரியகல்லாறு, பள்ளிக்கூட முகாம் என்று திரை காட்டியது.

மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். மரத்தடியில் சாறனோடு குந்தியிருந்த மனிசன் மகளின் கையைப் பிடித்து வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு குடுக்கப்போறாங்க, நீயும் தின்னு. மணி என்ன புள்ள?" என்றார்.

"பன்னெண்டு அப்பா."

"எந்த நேரம்? பழசா, புதுசா?"

பத்து வருசப் பழக்கம், நாக்கை விட்டுப் போகவில்லை. அன்னப்பூரணி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

"ஒரே நேரந்தான் அப்பா."