சிரிப்பு முகத்தில் மாட்டிய கிளிப்

அந்த மழலையர் வகுப்பில் காலையில் முதல் வேலை, கிளிப் மாட்டுவது. சுவரில் ஐந்து அட்டை முகங்கள்: சிரிப்பு, அழுகை, கோபம், பயம், வெட்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் படம் ஒட்டிய துணி கிளிப் ஒன்று. அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தில் மாட்ட வேண்டும். கோபத்தில் மாட்டியவன் தலையணையைக் குத்தலாம். அழுகையில் மாட்டியவள் டீச்சர் மடியில் ஐந்து நிமிஷம் உட்காரலாம். மடிக்கு ஆசைப்பட்டே அழுகையில் மாட்டுகிற கள்ளர்களும் உண்டு.

இந்த விளையாட்டு, டீச்சரின் சொந்த ஏற்பாடு. அதோடு விட்டிருக்கலாம். பெற்றவர்களுக்கும் தெரியட்டுமே என்று, யார் எந்த முகம் என்பதைத் தினமும் வீட்டு நோட்டில் எழுதி அனுப்பினாள். எல்லாம் நல்லெண்ணம்தான். நல்லெண்ணம் செய்கிற வினைக்குக் கணக்கே இல்லை.

குருவி என்று எல்லோரும் கூப்பிடும் நாலு வயசுக்காரி, பள்ளியில் சேர்ந்த முதல் மூன்று வாரமும் கிளிப்பைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றாள். நாலாவது வாரம் பயத்தில் மாட்டினாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை மனசைத் திறந்துவிட்டாளே! 'இன்று பயம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்' என்று எழுதினாள். நாலு நாள் பயம். நாலு நாளும் எழுதினாள். அடுத்த திங்கட்கிழமை குருவி நேராகப் போய்ச் சிரிப்பில் மாட்டினாள். அதன்பின் தினமும் சிரிப்புதான்.

"பாத்தீங்களா, விளையாட்டாவே பயத்தைத் தெளிய வெச்சுட்டேன்" என்று தலைமை ஆசிரியையிடம் பெருமை அடித்துக்கொண்டாள் டீச்சர்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு பத்து நாள். பொம்மை மூலையில் குருவி அம்மா பொம்மையைப் படுக்கவைத்தாள். பக்கத்தில் குட்டிப் பொம்மையை நிறுத்தி, அதன் வாயை விரலால் பொத்தினாள்.

"ஏன்டா கண்ணு, பாப்பா வாயைப் பொத்தறே?"

"அழப் பாக்குது மிஸ். அது அழுதா அம்மாவும் அழுவாங்க. அப்புறம் வாந்தி எடுப்பாங்க."

"யாரு சொன்னா?"

"அப்பா. நான் பயத்துல மாட்டினதை அம்மா நோட்டுல படிச்சாங்க. அன்னிக்குச் சாப்பிடவே இல்ல."

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பாவை டீச்சர் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குத் தெரியாமப் போச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் யார்கிட்டயும் மூச்சு விடலையே." மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "இவ அம்மாவுக்கு டாக்டர் கைவிரிச்சுட்டாரு. ரெண்டு மாசம் தாண்டறதே கஷ்டமாம். படுத்த படுக்கையா இருந்துக்கிட்டு அந்த நோட்டைத்தான் தினமும் கேட்டு வாங்கிப் படிக்கிறா. சிரிப்புன்னு இருந்தா ரெண்டு வாய் சாப்பிடறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். பூதத்தைப் பார்த்தவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுநாள் காலை டீச்சர் தனக்குத் தெரிந்த ஒரே வழியோடு வந்தாள். குருவியின் முன் மண்டியிட்டு, "நீ எதுல வேணா மாட்டு தங்கம். நோட்டுல நான் சிரிப்புன்னே எழுதறேன். சரியா?" என்றாள்.

குருவி யோசித்துப் பார்த்தாள்.

"அம்மா என்கிட்டயும் கேப்பாங்க மிஸ். 'நிஜமாவே சிரிப்புலதான் மாட்டினியா'ன்னு. நான் மாட்டலேன்னா பொய்யாயிடுமே."

எக்கி நின்று, கிளிப்பைச் சிரிப்பில் மாட்டினாள். ஒழுங்காக நிற்கிறதா என்று ஒருமுறை அழுத்தியும் பார்த்தாள்.

டீச்சரிடம் வேறு விளையாட்டு இல்லை. எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதற்கான விலையை இந்தப் பிள்ளை வீட்டில் கொடுக்க வேண்டும். கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். குருவி விடவில்லை. சுற்றி வந்து டீச்சர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க அழுங்க மிஸ்" என்றாள். "உங்களைத்தான் யாரும் நோட்டுல எழுத மாட்டாங்களே."